நடுவில் பார், தம்பி!

வத்திராயிருப்பில் கடைமடை வயலுக்குப் பிளவக்கல் அணைத் தண்ணீர் வரவில்லையா? விவரமான ஆசாமி வாய்க்கால் முழுக்க அலைய மாட்டார். நட்டநடுவில் போய்ப் பார்ப்பார். தண்ணீர் ஓடினால் அடைப்பு கீழே, ஓடாவிட்டால் மேலே. பாதி வேலை முடிந்தது!

லினக்ஸ்காரர்களும் இதே கட்சிதான். புது கர்னல் போட்டதும் டிஸ்க் ஆமையாகிவிட்டது என்றால், நடுவில் புகுந்த திருத்தங்கள் சுமார் 10,000. எது குற்றவாளி? நடுத் திருத்தம் வரை வைத்து ஓட்டு. வேகமா, மந்தமா? மறுபடி பாதி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் ஆரம்பித்த 'கிட்'டில் 'பைசெக்ட்' என்று இதற்கொரு கட்டளையே உண்டு. 14 சோதனையில் ஆள் அகப்படுவான். அப்புறம் திருத்து, அல்லது தூக்கு!

ஒரு எச்சரிக்கை: டிஸ்க் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். ஒவ்வொரு தடவையும் நாலைந்து முறை அளக்கணும், சார். அவசரத்தில் ஒரே ஒரு தீர்ப்பு தப்பினாலும், தண்டனை ஓர் அப்பாவிக்கு!