பார்த்தாலே தெரியுமா?

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை அறியாத தமிழ் மாணவர் நம்முள் எவரும் இலர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் நாகர்கோவில் வண்டிக்காக நாம் காத்துக் கிடக்கும் இடம் அது. சென்ற ஆண்டு ஒருநாள் நானும் என் நண்பன் ஒருவனும் அங்கே அமர்ந்திருந்தோம். அருகில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, எலும்பும் தோலுமாக இருந்தார். நண்பன் என் விலாவில் இடித்தான். “பாத்தாலே தெரியல்லியா மக்கா? எய்ட்சுதான். எந்திரிச்சு வா” என்றான். நானும் எழுந்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியில் அவருக்கு எங்கள் முன்னிருக்கையே வாய்த்தது. பாறசாலை தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார். மண்டலப் புற்றுநோய் மையத்தில் மருத்துவம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறாராம். படிக்கிற பிள்ளைகளா என்று கேட்டு, பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.

எய்ட்சே ஆயினும் எழுந்து ஓட என்ன இருந்தது? ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் தொற்றும் நோயா அது? காப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள குருதி, பிறர் குத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்று அது பரவும் வழிகள் சிலவே. இதைப் பள்ளியிலேயே படித்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். பேருந்து நிலையத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மெலிந்த உடலே இந்நோயின் முகம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல் வரும், தொண்டை வலிக்கும், தோலில் தடிப்பும் கழுத்தில் நெறிகட்டும் தோன்றலாம். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே தோன்றும். தானாகவே மறைந்தும் போகும். சிலருக்கு அதுவும் இராது. அதன்பின் பத்தாண்டு வரையிலும்கூட ஆள் நலமாகத் தோன்றுவார்; ஓடுவார், உழைப்பார், மணம் முடிப்பார். உள்ளே மட்டும் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்துகொண்டே வரும். நலமுள்ளவர்க்கு ஒரு கனமில்லிமீட்டர் குருதியில் ஐந்நூறுக்கு மேல் இருக்கும் சி.டி.4 அணுக்கள் 200-க்கும் கீழே இறங்கும்போது அந்நிலையை எய்ட்ஸ் என்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, இரவு வியர்வை, வாயில் வெண்படலம், காசநோய், உடல் மெலிவு எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். இவற்றுள் எதுவும் வேறு நோயாலும் வரக்கூடியதே.

நம்மைப் போன்ற ஒரு மாணவியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படித்தவர் நிர்மலா. அவருடைய ஆசிரியர் சுனிதி சாலமன். இந்நோய் மேல்நாட்டாருக்கே உரியது, நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று பலரும் மார்தட்டிய காலம். நிர்மலா எண்பதுக்கும் மேற்பட்டோரிடம் குருதி எடுத்தார். சோதிக்கச் சென்னையில் வசதியில்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, கணவரோடு ரயிலேறி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது அப்படித்தான். முகத்தைப் பார்த்தா அந்த அறுவரை அவர் அறிந்தார்?

இனி என் நண்பனிடம் திரும்புகிறேன்; அவன் இசைவு பெற்றே எழுதுகிறேன். பேருந்து நிலைய நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் கழித்து, ஓரிரவு என் அறைக்கதவைத் தட்டினான். பந்தாட்டக்காரன், கட்டான உடல். அன்று முகம் வெளிறியிருந்தது. காய்ச்சல் வந்து போயிற்றாம். கைபேசியில் அறிகுறிப் பட்டியல்களைப் படித்துப் படித்து, கழுத்தைத் தடவித் தடவிப் பத்து நாளாகத் தூங்கவில்லையாம். “செத்திருவேனா மக்கா?” என்றான். விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். காலையில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ‘ஜோதிஸ்’ என்ற பெயரில் இலவசமாகச் சோதிக்கும் இடங்கள் கேரளத்தில் உண்டு. ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாகப் பேசினார். தொற்றிய உடனே சோதனையில் தெரியாது, சில வாரம் ஆகும், ஆகவே மூன்று மாதம் கடந்தபின் மறுமுறையும் வரவேண்டும் என்றார். ஐயமான நிகழ்ச்சி நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் தடுப்பு மருந்தே உண்டாம். எங்களுக்கு அது தெரியாது. உங்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவனுடைய முடிவு என்னவென்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். அது அவனுக்கே உரியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. அவன் இன்றும் பந்தாடுகிறான். அதைக் கொண்டு நீங்கள் எதையும் முடிவு செய்ய இயலாது. கிருமி உள்ளவரும் நாள்தோறும் மருந்துண்டு, அது குருதியில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், நெடுநாள் வாழலாம்; உடலுறவால் பிறருக்குப் பரவுவதுமில்லை. அம்மருந்தை 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது.

நம் விடுதிப் படிக்கட்டருகே ஒரு சுவரொட்டி இருக்கிறது. மண்டையோடும் இரண்டு எலும்பும் வரைந்து, கீழே ‘எய்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. அன்றிரவு என் நண்பன் அதைக் கடந்துதான் என் அறைக்கு வந்தான். அதை எடுத்துவிட்டு, சோதனை நிலையம் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டவேண்டும் என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.