தராசு பேசுகிறது, கிடங்கு ஏன் பேசவில்லை?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே உழைத்து வெளுத்த தோழனும், பெரம்பலூர்க் கரிசல் மண்ணிலே சின்ன வெங்காயம் அறுத்துக் கை எரியும் தாய்மாரும் மாதந்தோறும் வந்து நிற்கும் இடம் ரேஷன் கடை. அந்தக் கடைத் தராசுக்கு 2025-இல் வாய் முளைத்தது!

கம்பியில்லை, கம்பமில்லை. தட்டிலே அரிசி ஏறியதும், எடை இவ்வளவு என்று பக்கத்து ரசீது எந்திரத்துக்குத் தராசே சொல்லிவிடுகிறது. சரியான எடை வைத்தாலொழிய ரசீது வராது. புளூடூத் என்று அதற்குப் பெயர்.

மந்திரமா? மாயமா? இல்லை தோழர்களே, மனித மூளை! பத்து மீட்டர் சுற்றளவிலே பேசிக்கொள்ளும் வானொலி அலை. 1994-இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி. ஓரிடத்தில் நின்றால் இடைஞ்சல் வருமென்று, நொடிக்கு 1600 முறை அலைவரிசை தாவும் வகையில் அமைத்தார்கள். அலைவரிசை தாவும் முறை ஒன்றுக்கு 1942-லேயே காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் யார்? ஹெடி லாமர் என்ற ஹாலிவுட் நடிகை! கூத்தாடிகள் என்று நம்மைக் கேலி பேசியோர் குறித்துக்கொள்ளட்டும்.

1967-இல் ரூபாய்க்குப் படி அரிசி என்று சொல்லி ஆட்சிக்கு வந்த இயக்கம் இது. அளவு தவறாத தராசை நாமா வேண்டாம் என்போம்? வரவேற்கிறோம்!

ஆனால் ஒரு கேள்வி. கடைக்குள்ளே பத்து மீட்டருக்கு உண்மை பேசுகிறது தராசு. கிடங்கிலிருந்து கடை வரும்வரை உண்மை பேசுவது யார்? மூட்டையிலேயே எடை குறைகிறது என்பது ரேஷன் ஊழியர்களின் நெடுநாள் முறையீடு. ஒரு பேச்சுக்கு, 50 கிலோ மூட்டை 48 கிலோவாக வந்து இறங்குகிறது என்று வையுங்கள். அந்த இரண்டு கிலோவுக்கு யார் பொறுப்பு? நேற்று அது கார்டுக்காரர் வயிற்றில் விழுந்தது. இன்று விற்பனையாளர் சம்பளத்தில் விழுவதா? வாசலிலே காவல் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவதா?

பொருளுக்குப் பொருள் தனித்தனியே நிறுத்து, எந்திரம் இசையும்வரை காத்து நிற்கிறது வரிசை. செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் அப்படி நிற்பவர் இழப்பது அரைநாள் கூலி. அதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே கேட்கிறோம்: கிடங்குத் தராசும் பேசட்டும். மூட்டை இறங்கும்போதே கடை வாசலில் நிறுத்து, அந்த எடையையே கணக்கில் ஏற்றட்டும். எந்திரம் பழுதானால் அன்றே மாற்று எந்திரம் வரட்டும். கூட்டம் மிகுந்த கடைக்குக் கூடுதல் ஆள் தரட்டும்.

கடைசியில் நிற்பவனை மட்டும் அளப்பது கண்காணிப்பு. மேலிருந்து கீழ்வரை ஒரே தராசில் அளப்பதுதான் நீதி!