சொகுசுக் கப்பல்ல உனக்கென்ன வேலை?

"தோழர், நீங்களுமா சொகுசுக் கப்பல்ல போனீங்க?"

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு நண்பர் கேட்டார். முற்போக்கானவர். மேல்சாதியில் பிறந்தாலும் சாதி பார்க்காதவர் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் மகன் குடும்பத்தோடு ரெண்டு தடவை அந்த மாதிரிக் கப்பலில் போய் வந்தவன். அந்தப் படங்களை எனக்குக் காட்டியபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் போனதுதான் உறுத்துகிறது. அவருக்கும், அவரைப் போலவே கேட்ட நம்ம ஆளுங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எனக்கு வேளாங்கண்ணிப் பக்கத்துல ஒரு சேரி. கப்பல் எங்களுக்குப் புதுசில்ல. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளை மாதா கரைசேர்த்தாள், அவர்கள் நன்றிக்கடனாகக் கோயில் எழுப்பினார்கள் என்ற கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் லட்சக்கணக்கில் சனம் வந்து அந்தக் கப்பல் கதையைக் கேட்டுட்டுப் போகுது. அதே கரையில், கொஞ்சம் வடக்கே நாகப்பட்டினத்தில் கப்பலேறிய எங்க சனத்தோட கதையை எந்தத் திருவிழா சொல்லுது?

எங்க தாத்தா கங்காணியோட மலாயாவுக்குப் போனவர். 'ரஜூலா'ன்னு ஒரு கப்பல். 1926-இல் ஓடத் தொடங்கியது. மேலே அறைகளில் வெள்ளைக்காரனும் பணக்காரனும். எங்க ஆளுங்க டெக் பயணிகள். பாயை விரிச்ச இடம்தான் இடம். வாந்தி, உப்புக்காத்து, பக்கத்து ஆளோட முழங்கால். பினாங்கு போய்ச் சேர்ந்தாலும் கரையேற முடியாது. ஜெரெஜாக் தீவில் நோய்க்காவலில் வைத்துத்தான் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்புவான். அத்தனையும் தெரிந்தே ஏறினார்கள். ஏன்? தஞ்சாவூர்ப் பண்ணையில் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்துச்சு. அதைவிடக் கடல் பரவாயில்லைன்னு தோணுச்சு. கப்பலேறாமல் இங்கேயே இருந்து அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களுக்கு 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் என்ன கிடைத்தது என்று உலகத்துக்கே தெரியும். ஒரே குடிசையில் 44 பேர்.

தாத்தா திரும்பி வரும்போது ஒரு கறுப்புக் குடை கொண்டுவந்தார். அதை விரித்துக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தார். "குடையை மடக்குடா" என்றார் மிராசுதார். மடக்கினார். சாகிறவரைக்கும் அந்தக் குடை எங்க வீட்டு எறவாணத்துல மடங்கியே கெடந்துச்சு.

இன்னொரு கதையும் சொல்கிறேன். கடல் தாண்டினால் சாதி கெடும் என்று எழுதி வைத்தது பௌதாயன தர்மசூத்திரம். கப்பலில் போனவனைத் திதிக்கு அழைக்காதே என்கிறது மனு. கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கே அவர் தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. சரி, கடல் தீட்டு என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீச்சல்குளம் உள்ள கப்பலில் போகிறார்கள். யாராவது "உனக்கென்ன வேலை?" என்று கேட்கிறார்களா? சாஸ்திரத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டார்கள். எங்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை மட்டும் மடிக்கவில்லை.

நான் போன கதைக்கு வருகிறேன். அண்ணன் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். "வாங்க சித்தப்பா, ரெண்டு ராத்திரி கடல்ல சும்மா இருந்துட்டு வரலாம்" என்றாள். சும்மா. அந்தச் சொல்தான் என்னைக் கப்பலேற்றியது. எங்க பரம்பரையில் யார் சும்மா இருந்திருக்கிறார்கள்? பண்ணையாளுக்குப் பொழுது விடிஞ்சா ஏரு, சாய்ஞ்சா மாட்டுக்கொட்டகை. பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தஞ்சாவூருக்கு 1952-இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

கப்பலில் ஊரும் சேரியும் இருக்கிறது. பால்கனி வைத்த அறை, சன்னல் வைத்த அறை, சன்னலே இல்லாத அறை. எங்களுக்குச் சன்னல் இல்லாத அறை. கரை மறைந்ததும் செல்போன் செத்துப்போச்சு. மேல்தளத்தில் ஒரு குடை நிழலில் சாய்வு நாற்காலி. உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் யாரோ வந்து எழுப்புவார்கள் என்றே உடம்பு காத்திருந்தது. யாரும் எழுப்பவில்லை. அதுக்கப்புறம்தான் கடலைப் பார்த்தேன். 2004-க்குப் பிறகு பயமில்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன். சுனாமியில் எங்க கரை பிணக்காடானபோது, அழுகின உடம்புகளை அள்ள லாரியில் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் யார் என்பதையும் அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் எதிரே ஒரு அம்மா. பட்டுப்புடவை, சிரித்த முகம். "எந்த ஊரு?"

"வேளாங்கண்ணிப் பக்கம்."

"அப்படியா, எங்களுக்கும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். வேளாங்கண்ணில எந்தத் தெரு?"

நடுக்கடல். சட்டம் மாறும் எல்லை தாண்டினால் சூதாட்டக் கூடம் திறக்கிறார்கள். இந்தத் தெருக் கேள்விக்கு மட்டும் எல்லையே இல்லை. "காலனித் தெரு" என்றேன். அந்தம்மா சாம்பாரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் எங்க அறையைத் துடைக்க ஒரு பையன் வந்தான். தமிழ்ப் பையன். வீட்டுக்குப் போய் எட்டு மாசமாச்சாம். படுக்கை அடித்தளத்தில், நாலு பேருக்கு ஒரு அறையாம். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "திருவாரூர்ப் பக்கம் சார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். நேற்று நானும் அப்படித்தானே நிறுத்தினேன். "நானும் அந்தப் பக்கந்தான்ப்பா, காலனி" என்றேன். கையிலிருந்த துணியை வச்சிட்டு என்னை ஒரு தடவை நல்லாப் பார்த்தான். "மேல போய் உக்காருங்க அண்ணே, சூரியன் வர்ற நேரம்" என்றான். சார் அண்ணனாயிருந்தார்.

நண்பரே, கப்பல் முதலாளியின் வியாபாரம் என்பது எனக்கும் தெரியும். அடித்தளத்தில் இருக்கும் பையனின் சம்பளத்தைப் பற்றி, வேலை நேரத்தைப் பற்றிப் போராடலாம் வாருங்கள், நான் முன்னால் நிற்கிறேன். ஆனால் என்னைக் கீழே இறங்கச் சொல்வதன் மூலம் அவனுக்கு எந்த விடுதலையும் வராது. தியாகம், எளிமை, போராட்டம் எல்லாம் எங்களுக்கு. ஓய்வும் காற்றும் உங்களுக்கு என்ற பாகப்பிரிவினை போதும். மிராசுதார் குடையை மடக்கச் சொன்னார். நீங்கள் நாற்காலியை மடக்கச் சொல்கிறீர்கள்.

தாத்தா மடக்கினார். நான் மடக்க மாட்டேன்.