ஏழு நிமிஷம்

கி.மு. 776-ல் முதல் ஒலிம்பிக்ஸ் ஓட்டத்தில் ஜெயித்த கொரோய்போஸ் ஒரு சமையல்காரராம். பிரியாணிக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதற்கு யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை.

எங்கள் ஊரில் ஓடுவது மெடலுக்கு அல்ல, போலீஸ் வேலைக்கு. மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியுமுன்பே, தொந்தியைக் குறைக்க நடக்கும் என்னை மாதிரி ஆசாமிகளைத் தாண்டிப் பையன்கள் புஸ்புஸ்ஸென்று பறக்கிறார்கள். 1,500 மீட்டர், 7 நிமிஷம். மொராக்கோவின் ஹிஷாம் எல் குவெரூஜ் 1998-ல் ரோமில் இதே தூரத்தை 3 நிமிஷம் 26 செகண்டில் முடித்தார். அதில் பாதி வேகம்கூடத் தேவையில்லையே, இதென்ன பிரமாதம் என்பீர்கள். பஸ் பிடிக்க நூறு மீட்டர் ஓடிப் பாருங்க சார், நாக்கு தள்ளிடும்!

எழுத்துப் பரீட்சையில் பாஸாகி வந்தவன், 7 நிமிஷத்தைத் தாண்டினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி.உஷா வெண்கலத்தை விட்டது செகண்டில் நூறில் ஒரு பங்கில். அவருக்காக நாடே வருத்தப்பட்டது. இவனுக்காக இவன் அம்மா.

நேற்று ஒருத்தனிடம், "எவ்வளவு தம்பி?" என்றேன்.

"ஏழு பன்னெண்டு சார்" என்றான், மூச்சு வாங்க. "ஷூ அண்ணனோடது. ஒரு சைஸ் பெரிசு."