லைனைச் சோதித்த சீட்டு எங்கே?

பாலைச் சோதிக்காமல் சொசைட்டியில் யாரும் வாங்குவது இல்லை.

கிணத்துக்கடவு பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் இதைப் பார்க்கலாம். குடியானவர்கள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு வருகிறார்கள். அங்கே பாலைச் சோதிக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு, மற்றச் சத்து எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்த அளவைப் பொறுத்துத்தான் விலை. அளவைத் தெரிந்துகொள்ளாமல் குடியானவர் வீட்டுக்குத் திரும்புவாரா? திரும்ப மாட்டார்.

தக்காளி மார்க்கெட்டிலும் அப்படியே. தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். அது காட்டும் எடையை விற்பவரும் பார்க்கிறார். வாங்குபவரும் பார்க்கிறார்.

அதே குடியானவர் வீட்டுக்கு இன்டர்நெட் லைன் வந்திருக்கிறது. மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார். ஒரு நாள் லைன் கெட்டுப்போகிறது. பழுது பார்க்க ஆள் வருகிறார். பெட்டியை அணைத்துப் போடுகிறார். ஒயரைக் கழற்றி மாட்டுகிறார். "சரியாப் போச்சுங்க" என்கிறார். போய்விடுகிறார்.

என்ன கெட்டிருந்தது? எங்கே கெட்டிருந்தது? இப்போது எந்த அளவுக்குச் சரியாகி இருக்கிறது? ஒரு விவரமும் கிடையாது. ஒரு சீட்டும் கிடையாது.

இது நியாயம் அல்ல.

அளக்கக் கருவி இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கருவி இருக்கிறது. நல்ல கருவியாகவே இருக்கிறது.

காது போதாது

பழைய டெலிபோனுக்குக் கருவி வேண்டாம். காதே போதும். மழைத் தண்ணீர் கம்பி இணைப்பில் இறங்கினால், டெலிபோனில் "கரகர" என்று சத்தம் கேட்கும். வீட்டில் உள்ள பாட்டிக்குக்கூட லைன் கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். 198-க்குப் போன் செய்து புகார் கொடுப்பார்கள்.

டிஜிட்டல் லைன் அப்படி அல்ல. அதில் போவது பேச்சு அல்ல, எண்கள். எல்லாம் பூஜ்யமும் ஒன்றும்தான். பேச்சு, படம், பணம் எல்லாமே பூஜ்யமாகவும் ஒன்றாகவும் மாறித்தான் போகின்றன. வழியில் சில எண்கள் பிசகினால், "இன்னொரு முறை அனுப்பு" என்று இந்தப் பக்கத்துப் பெட்டி கேட்கும். அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் வரும். இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்குவதால் வேலை மெதுவாக நடக்கிறது. கரகர சத்தம் கிடையாது. படம் சுற்றிக்கொண்டே நிற்கும். பள்ளிக்கூடப் பாடம் பாதியில் உறையும். வங்கிக்கு அனுப்பிய பணம் போனதா, போகவில்லையா என்று தெரியாமல் தவிக்க நேரும்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைக்கிறார்கள்? "பெட்டி பழசாகிவிட்டது" என்று நினைக்கிறார்கள். புதுப் பெட்டி வாங்குகிறார்கள். செலவு ஆனதுதான் மிச்சம். லைன் பழையபடியே இருக்கிறது.

டிஜிட்டல் லைன் நோயைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. கருவியால்தான் முடியும்.

கண்ணாடி நூல்

இப்போது வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் செம்புக் கம்பி அல்ல. கண்ணாடி நூல். தலைமயிர் கனம்தான் இருக்கும். அதற்குள்ளே, இன்னும் சிறிய வழியில், வெளிச்சம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.

கண்ணாடிக்குள்ளே வெளிச்சத்தை அனுப்பித் தொலைதூரச் செய்தி அனுப்ப முடியும் என்று 1966-ல் எழுதிக் காட்டியவர் சார்லஸ் காவோ என்ற விஞ்ஞானி. அவர் அப்போது இங்கிலாந்தில் வேலை பார்த்தார். கண்ணாடியில் உள்ள அசுத்தத்தை நீக்கினால் போதும், வெளிச்சம் வெகுதூரம் போகும் என்றார். அவருக்கு நோபல் பரிசு 2009-ல் கிடைத்தது. 43 வருடம் காத்திருக்கவேண்டி வந்தது!

கண்ணாடி நூல் அறுந்தால் லைன் செத்துப்போகும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். இதைக் குழந்தையும் பார்த்துச் சொல்லிவிடும்.

தொல்லை அறுந்த லைனில் இல்லை. அறுபடாமல் நலிந்த லைனில்தான் இருக்கிறது. கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்புகள் அதிகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகமாக வீசும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒயர் மீது தென்னை மட்டை விழுந்தால், நூல் மடங்கும். மடங்கிய இடத்தில் வெளிச்சம் வெளியே கசியும். அணில் கடித்தாலும் கெடும். ஒட்டுப்போட்ட இடம் சரியில்லை என்றாலும், முனையில் தூசி இருந்தாலும் வெளிச்சம் குறையும்.

மைனஸ் கணக்கு

குறைந்த வெளிச்சத்தை எப்படி அளப்பது? கையில் பிடிக்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. பவர் மீட்டர் என்று பெயர். ஒயர் முனையை அதில் செருகினால் ஓர் எண் தெரியும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருக்கும். மைனஸ் 20, மைனஸ் 24 என்று காட்டும்.

மைனஸைக் கண்டு மிரள வேண்டாம். அதைக் கடன் என்று வைத்துக்கொள்ளலாம். கடன் 20 என்றால் சமாளிக்கலாம். 25 என்றால் இறுக்கம். பல வீட்டுப் பெட்டிகள் 27, 28-க்கு மேல் தாங்காது.

இந்தக் கடனுக்கு வட்டி கொடியது. 3 கூடினால் வெளிச்சம் பாதியாகும். 6 கூடினால் கால் பங்கு. 10 கூடினால் பத்தில் ஒரு பங்கு.

ஒரு வீட்டுக்கு லைன் கொடுத்த அன்று மைனஸ் 20 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து மைனஸ் 26 ஆகிவிட்டது. வெளிச்சம் கால் பங்குதான் மிச்சம். ஆனால் பச்சை விளக்கு எரிகிறது. லைன் நடக்கிறது. வந்தவர் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்குது" என்கிறார். இன்னும் ஒரு மட்டை விழுந்தால் போதும், லைன் செத்துவிடும்.

முதல் நாள் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால்? "அன்று 20, இன்று 26, ஏன்?" என்று கேட்க முடியும். சீட்டு இல்லாததால் கேள்வியும் இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் இந்த அளவைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. கம்பெனி ஆபீசில் இருந்தபடியே அதைப் படிக்க முடியும். அப்படி இருந்தும், பணம் கட்டுகிறவருக்கு அதைச் சொல்லுவது வழக்கத்தில் இல்லை. சங்கத்தில் பால் அளவை மறைத்தால் குடியானவர்கள் சும்மா விடுவார்களா?

கிணற்றில் கல்

லைன் நலிந்திருக்கிறது என்று பவர் மீட்டர் சொல்லும். எங்கே நலிந்திருக்கிறது என்று சொல்லாது. அதற்கு வேறு கருவி. ஓ.டி.டி.ஆர். என்கிறார்கள்.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க என்ன செய்வார்கள்? ஒரு கல்லைப் போடுவார்கள். சத்தம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிப்பார்கள். ஓ.டி.டி.ஆர். செய்வதும் இதுதான். நூலுக்குள் ஒரு துளி வெளிச்சத்தை அனுப்புகிறது. வழி நெடுக அதில் கொஞ்சம் சிதறித் திரும்பி வருகிறது. திரும்பி வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது.

கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 25 கிலோமீட்டர் போய்த் திரும்ப, ஒரு விநாடியை 4 ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஆகும். அவ்வளவு சிறிய நேரத்தையும் அந்தக் கருவி அளக்கிறது! அளந்து ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. நூல் நன்றாக இருந்தால் கோடு சாய்வாக இறங்கும். மடங்கிய இடத்தில் படிக்கட்டு போல இறங்கும். அறுந்த இடத்தில் தொபுக்கென்று விழும்.

இதை வீட்டு முனையில் இருந்து சோதிப்பது நல்லது. ஏன்? ஒரே நூலில் வரும் வெளிச்சத்தைத்தான் 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எக்சேஞ்சில் இருந்து பார்த்தால் எல்லா வீட்டுக் கிளைகளும் கலந்து தெரியும். எது யார் வீட்டுக் கோடு என்று பிரிப்பது கஷ்டம்.

லைன்மேன் வேண்டும்

கருவி வந்துவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்று நினைப்பது தப்பு.

"1,240-வது மீட்டரில் பழுது" என்று கருவி சொல்லும். அந்த 1,240-வது மீட்டர் எந்தத் தோப்பு, எந்தக் கம்பம் என்று அதற்குத் தெரியாது. கம்பத்துக்குக் கம்பம் ஒயரைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு சுருளில் 10 மீட்டர் இருக்கும், 20 மீட்டர் இருக்கும். ஆகவே நூலின் நீளமும் ரோட்டின் நீளமும் ஒன்று அல்ல. எந்தக் கம்பத்தில் எவ்வளவு சுருள் என்பது லைன்மேனுக்குத்தான் தெரியும்.

தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். 2020 ஜனவரி 31-ந் தேதி, ஒரே நாளில், 78 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் விருப்ப ஓய்வு பெற்று பி.எஸ்.என்.எல்.லை விட்டுப் போனார்கள். கருவி எடுத்து வைக்கலாம். அவர்கள் மனதில் இருந்த வரைபடத்தை எப்படி எடுத்து வைப்பது?

ரோட்டைத் தோண்டுகிறவர்களும் கேட்டுவிட்டுத் தோண்டுவது இல்லை. தோண்டுவதால் கேபிள் போன்றவை அறுபட்டு, ஆண்டுக்குச் சுமார் 3 ஆயிரம் கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசாங்கமே சொல்லியது. அதைத் தடுக்க 2023 மார்ச் 22-ந் தேதி 'கால் பிபோர் யு டிக்' என்ற செல்போன் செயலியைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தோண்டும் முன் சொல் என்று அர்த்தம். கோவை-பொள்ளாச்சி ரோட்டை அகலப்படுத்தி, கிணத்துக்கடவில் மேம்பாலமும் கட்டியாகிவிட்டது. இனியும் குழாய்க்கும் வடிகாலுக்கும் தோண்டத்தான் போகிறார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நியாயமா?

வங்கிக்கும் பெரிய கம்பெனிக்கும் தனி லைன் கொடுக்கும்போது என்ன செய்கிறார்கள்? கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். தெரிந்த எண்களை அனுப்பி, திரும்பி வருவதில் எத்தனை பிசகு என்று எண்ணுகிறார்கள். சில இடங்களில் 24 மணி நேரம் சோதனை நடக்கும். முடிவைக் காகிதத்தில் கொடுக்கிறார்கள்.

வங்கிக்குக் காகிதம். குடியானவருக்கு வாய்ச்சொல்!

ஒவ்வொரு வீட்டுக்கும் 24 மணி நேரம் சோதனை செய்ய முடியாது என்று கம்பெனிகள் சொல்லலாம். உண்மைதான். யாரும் அதைக் கேட்கவில்லை. பவர் மீட்டரைச் செருகி எண்ணைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எழுத இன்னொரு நிமிடம்.

விதி இல்லையா? இருக்கிறது. டிராய் வகுத்த புதிய விதிகள் 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் நடப்புக்கு வந்தன. பழுது நீக்க 3 நாளுக்கு மேல் ஆனால் சந்தாதாரருக்கு ஈடு தர வேண்டும். செத்த லைனுக்கு இது உதவும். நலிந்த லைனுக்கு? அது "நடக்கிற" லைன் ஆயிற்றே! ஒவ்வொரு வீட்டுக்கும் அளவுச் சீட்டு தரவேண்டும் என்பதை விதியிலேயே சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி நூல் கொண்டுபோக பாரத்நெட் திட்டம் வகுத்தார்கள். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் பரீட்சை மனுவுக்கும் இனி இந்த நூலைத்தான் நம்ப வேண்டும். ஊராட்சி ஆபீசில் "லைன் இல்லை" என்றால், ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

சீட்டு வரும் வரை வீட்டில் உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். பழுது பார்க்க வருகிறவரிடம் "மீட்டர் வைத்துப் பாருங்கள், எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்கலாம். சொல்லும் எண்ணையும் தேதியையும் பெட்டியின் முதுகிலேயே எழுதி வைக்கலாம். ஒயரைக் கழற்றும்போது மட்டும், அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல் உண்டு. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.