சட்டை நிறமும் சட்டைப்பையும்

நம் சங்கத்து இளைஞர் அணிக்கு ஒரு மாற்றுச் சட்டை வேண்டுமாம். சென்ற மாதச் செயற்குழுவில் இதைப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பங்காருபேட்டைக்குப் போக வேண்டிய இரண்டு அன்பர்கள் வண்டியைத் தவறவிட்டார்கள்.

விஷயம் சிறியதுதான். நம் பிள்ளைகள் நீலச் சட்டை போட்டு ஆடுகிறார்கள். பொங்கல் பந்தயத்தில் எதிரணியும் நீலம். ஒரு அணி வேறு நிறத்தில் வரவேண்டும் என்று பந்தயக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். “2019ல் இந்தியா போட்டதே, அந்த ஆரஞ்சு போடலாம்” என்றான் ஒரு பையன். அதற்குள், மார்பில் தன் கடைப் பெயரைப் போட்டால் பதினைந்து சட்டையும் இனாம் என்று ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார்.

உடனே பிடித்துக்கொண்டது. “காவியைப் போட்டுக்கொண்டு இந்தச் சங்கப் படி ஏறக்கூடாது” என்றார் ஒரு பெரியவர். “தேசியக் கொடியிலே இல்லையா காவி?” என்றார் இன்னொருவர். “அப்படியானால் சென்னை அணி மாதிரி மஞ்சள்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை பேசாமலிருந்த ஒரு தாய் எழுந்து, “மஞ்சள் வாணாம்பா. புள்ளைங்க ரயில்ல போய் வர்றவங்க” என்றார். கூட்டம் அடங்கிவிட்டது.

துணிக்குப் போய் இவ்வளவு பேச்சா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சிவப்புக் கொடி, நீலக் கொடி, கறுப்பு சிவப்புக் கொடி என்று லைன் வீட்டு வாசலில் பறப்பதைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லப் பழகிய ஊர் இது. நிறத்தில் ஒன்றுமில்லை என்று தங்கவயல்காரனிடம் சொல்லிப் பயனில்லை.

அந்த 2019 கதையை முழுமையாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் செயற்குழுவில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வராமலிருக்க, ஒரே நிறம் உடுத்தும் இரு அணிகள் மோதினால் ஒன்று மாற்றுச் சட்டையில் வரவேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதி வைத்திருந்தது. விருந்து வைக்கும் நாட்டுக்கு விலக்கு. இங்கிலாந்து வெளிர் நீலம் உடுத்தியது. ஆகவே மாற்ற வேண்டியது இந்தியா. தென்னாப்பிரிக்காவும் தன் பச்சையை விட்டு வங்கதேசத்துக்கு எதிராக மஞ்சளில் ஆடியது. அதற்காக அங்கே யாரும் சட்டசபையில் எழுந்து நிற்கவில்லை.

ஜூன் 30ஆம் தேதி பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் நம்மவர்கள் இறங்கினார்கள். முன்பக்கம் கரு நீலம், கைகளும் முதுகும் ஆரஞ்சு. அமெரிக்க நைக்கி கம்பெனியின் தயாரிப்பு. நிறங்களைக் காட்டியது கவுன்சில், தேர்ந்தெடுத்தது இந்திய கிரிக்கெட் வாரியம் என்று விளக்கம் வந்தது. மகாராஷ்டிர சட்டமன்ற உறுப்பினர்களான சமாஜ்வாதிக் கட்சி அபு ஆஸ்மியும் காங்கிரஸ் நசீம் கானும், நாட்டையே காவியாக்கும் வேலை சட்டையிலும் தொடங்கிவிட்டது என்று கண்டித்தார்கள். கேப்டன் விராட் கோலி பத்துக்கு எட்டு மார்க் போட்டு, ஒரு ஆட்டத்துக்குச் சரி, நம் நிறம் நீலம்தான் என்ற பொருளில் சொல்லி நகர்ந்துவிட்டார்.

இங்கிலாந்து 337, இந்தியா 306. முப்பத்தொரு ஓட்டத்தில் தோல்வி. அந்தக் கோப்பையில் அதுவரை தோற்காத அணி. சட்டைதான் வெற்றி வரிசையை முறித்தது என்று காஷ்மீரத்து முன்னாள் முதல்வர் மெஹபூபா முப்தி எழுதினார். பத்து நாள் கழித்து அரையிறுதியில் நியூசிலாந்திடம் தோற்றபோது நம்மவர்கள் பழைய நீலத்தில்தான் இருந்தார்கள். 2024 ஜூன் 29ஆம் தேதி பார்படோஸில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற சட்டையின் கைகளோ ஆரஞ்சு! ராசி பார்ப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

ராசியை ஒதுக்கிவிடலாம். காவிக் கேள்வியை அப்படி ஒதுக்க முடியாது. 2023 அக்டோபரில் சேப்பாக்கத்தில் நம் அணி ஆரஞ்சுப் பயிற்சி உடையில் வந்தது. அடுத்த மாதம் மம்தா பானர்ஜி கல்கத்தாவில் அதைக் கண்டித்தார். 2024 ஏப்ரலில் தூர்தர்ஷன் செய்திச் சேனலின் சின்னம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. 2023 செப்டம்பரில் நம் இலாகாவிலேயே, பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையில் செய்த வந்தே பாரத் வண்டி ஆரஞ்சு நிறத்தில் கேரளத்தில் ஓடத் தொடங்கியது. இதில் அரசியல் இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியும் நிறம், விஞ்ஞானம் என்று ரயில்வே மந்திரி சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா நியாயங்களும் ஒரே டப்பா வர்ணத்தில் வந்து முடிந்தால் சந்தேகப்படுபவனைக் குறை சொல்ல முடியுமா?

அதே சமயம் அந்தப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. மந்திரி சொன்ன விஞ்ஞானம் பொய்யல்ல. தண்டவாளத்தில் நிற்கும் நம் கேங்மேன் தோழன் என்ன நிறத்தில் நிற்கிறான்? ஒளிரும் ஆரஞ்சு மேலாடையில்தான். என்ஜின் டிரைவர் தூரத்திலேயே அவனைப் பார்க்க வேண்டும், அவன் உயிர் பிழைக்க வேண்டும், அதற்காக. அந்த மேலாடையை எந்தக் கம்பெனியும் விளம்பரப்படுத்துவதில்லை. அதை வாங்கித் தரச் சொல்லி எந்தப் பிள்ளையும் அடம் பிடிப்பதில்லை. வெயிலில் வெளுத்து, கிரீஸ் படிந்து கிடக்கிற அந்த ஆரஞ்சை எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுக்க நாம் தயாரில்லை.

நிறச் சண்டையில் வெளியே வராத ஒரு பக்கம் சட்டைப்பை. கிரிக்கெட்டில் நிறம் வந்ததே வியாபாரத்தோடுதான். 1983ல் கபில் தேவ் லார்ட்ஸில் கோப்பையை வாங்கியது வெள்ளைச் சட்டையில். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் கெர்ரி பாக்கர் என்ற தொலைக்காட்சி முதலாளி தனிப் பந்தயம் நடத்தி, 1979 ஜனவரியில் மின்விளக்கின் கீழ் வீரர்களுக்கு வர்ணச் சட்டை மாட்டினார். மேற்கிந்தியத் தீவின் வேகப்பந்து வீரர்களுக்கு இளஞ்சிவப்பு! அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1992 உலகக் கோப்பையில் வர்ணம் நிலைத்துவிட்டது. ஒரு வர்ணம் விற்றால் இரண்டாவதும் விற்கும். மாற்றுச் சட்டையின் பொருளாதாரம் அவ்வளவுதான்.

இங்கே பெங்களூரிலேயே பாருங்கள். ராயல் சேலஞ்சர்ஸ் அணி 2011 முதல் சீசனுக்கு ஒரு ஆட்டம் பச்சைச் சட்டையில் ஆடுகிறது. மரம் வளர்க்கச் சொல்லவாம். நல்ல நோக்கம்தான். கடையில் சிவப்பு வாங்கிய பிள்ளை பச்சையும் கேட்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அணி முதன்முறையாகக் கோப்பை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4, சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். அன்று காலை வண்டிகளில் ஏறிப் போன சிவப்புச் சட்டைகளை நாம் பார்த்தோம். இரவு ஒவ்வொரு பெட்டியாக இறங்கியவர்களை எண்ணிக்கொண்டு நின்ற தாய்மார்களையும் பார்த்தோம்.

இந்திய அணியின் சட்டை யாருடையது? இந்தியாவுடையது என்போம். 2005 பிப்ரவரியில் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டப்படி அரசு அமைப்பு அல்ல. மூன்று நீதிபதிகள் அப்படி, இருவர் மாறாக. அந்த வழக்கில் வாரியமே, இது எங்கள் வாரியத்தின் அணி, இந்திய நாட்டின் அதிகாரபூர்வ அணி அல்ல என்ற வாதத்தை வைத்தது. வாரியம் என்பது தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். சட்டத்தின் கண்ணில் நம்மைப் போல ஒரு சங்கம்தான். கல்லாப்பெட்டிதான் கொஞ்சம் பெரிது.

அந்தப் பெட்டிக்கு யார் யாரோ வந்து போனார்கள். மார்பில் சகாரா இருந்தது. பிறகு சீனாவின் ஓப்போ. பிறகு பெங்களூர்க் கம்பெனி பைஜூஸ், 158 கோடிக்கு மேல் பாக்கி என்று வாரியம் தீர்ப்பாயத்துக்கு இழுத்தது. பிறகு பணம் வைத்து ஆடும் டிரீம் லெவன். 2025 ஆகஸ்டில் அந்த ஆட்டத்துக்கே சட்டம் தடை போட்டதும் விலகிக்கொண்டது. அடுத்து 579 கோடிக்கு அப்பல்லோ டயர்ஸ். காவியா நீலமா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிற நேரத்தில், மார்பின் நடு இடத்தை எத்தனை பேர் வாங்கி விற்றார்கள் பாருங்கள். 2023ல் அடிடாஸ் வந்தபோது அசல் ஜெர்சி 4,999 ரூபாய், அடுத்த தரம் 2,999, சாதாரண ரசிகனுக்கு 999 என்று மூன்று வகுப்பாக வைத்தார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் தையல் ஆலைக்கும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டி ஏறும் நம் சகோதரிக்கு, முதல் வகுப்புச் சட்டை எத்தனை நாள் கூலி? அந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் விடுகிறோம்.

ஒரு சட்டையின் நிறத்துக்கு அடியில் நாடே நின்ற கதையும் உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் பச்சைச் சட்டை வெள்ளையர் ஆதிக்கத்தின் சின்னம். கறுப்பின மக்கள் அதை வெறுத்தார்கள். 1860ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன நம் மக்களின் பேரன் பேத்திகளுக்கும் அது பிறத்தியார் சட்டைதான். நெல்சன் மண்டேலா ஜனாதிபதியானபோது, அந்தச் சின்னத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் தோழர்களே கேட்டார்கள். அவர் ஒழிக்கவில்லை. 1995 ஜூன் 24ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு, கேப்டனின் 6ஆம் எண் போட்ட அதே பச்சைச் சட்டையைத் தானே அணிந்து மைதானத்துக்கு வந்தார். அதே ரக்பியில் 2011ல் இங்கிலாந்து அணி வெள்ளையை விட்டுக் கறுப்பு மாற்றுச் சட்டை போட்டது. கறுப்பு நியூசிலாந்தின் உடை, கடையில் விற்கத்தான் இந்த வேலை என்று எதிர்ப்பு வந்தது. இரண்டும் சட்டைதான், ஆனால் ஒன்றை உடுத்தியவர் 27 ஆண்டு சிறையிலிருந்து வந்தவர்.

இனி மஞ்சள். மஞ்சள் வேண்டாம் என்று அந்தத் தாய் சொன்னபோது முதலில் தலையாட்டியது நாம்தான். இதை மறைக்க விரும்பவில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் நடந்ததை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. வண்டியில் தமிழ்ப் பத்திரிகையை மடித்து டிபன் பைக்குள் செருகிக்கொண்டு, பக்கத்து ஆளிடம் கன்னடத்தில் மணி கேட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டிலும் காவிரிக் கோபத்தில் 2018 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் செருப்பு வீசினார்கள். மஞ்சள் அணியின் ஆட்டங்கள் பூனாவுக்குப் போயின. நம் மக்கள் இந்த மண்ணுக்கு வந்து நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1930ல் கம்பெனி கைரேகை கேட்டபோது வேலையை நிறுத்திக்காட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு சட்டை நிறத்துக்குப் பயப்படுவதா என்று மனம் கேட்கிறது. ராத்திரி வண்டியில் தனியாக வரப்போவது நாமல்ல, அந்தப் பையன் என்றும் அதே மனம் சொல்கிறது.

இதற்குச் செயற்குழுவில் பதில் சொன்னது நம் அணியின் விக்கெட் கீப்பர். வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை. “மஞ்சளே போடுங்க அண்ணா, ரயில்ல நான் வாசல் பக்கம் உட்கார்றேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை.

ஆகவே செயற்குழு இப்படி முடிவு செய்திருக்கிறது. கடைக்காரருக்கு நன்றி, சென்ற ஆண்டு விழாப் பந்தலுக்குத் துணி கொடுத்தவர் அவர், அதை மறக்கவில்லை. அவர் பெயரைப் பந்தய நோட்டீஸில் போடுவோம், பிள்ளைகள் மார்பில் போடமாட்டோம். நிறத்தைப் பெரியவர்கள் சொல்லவேண்டாம். ஆடுகிற பதினைந்து பேரும், அவர்களை வழியனுப்புகிற தாய்மாரும் வருகிற ஞாயிறு சங்க அறையில் கூடிச் சீட்டு எழுதிப் போடுவார்கள். காவி, மஞ்சள், பச்சை எதுவும் விலக்கில்லை. சீட்டில் தாய்க்கும் ஒரு ஓட்டு, பிள்ளைக்கும் ஒரு ஓட்டு.

திருப்பூரிலிருந்து விலை வந்திருக்கிறது. சட்டை ஒன்றுக்கு 250 ரூபாய், பெயரும் எண்ணும் சேர்த்து. பதினைந்து சட்டைக்கு 3,750. உண்டியல் சங்க வாசலில் இருக்கிறது.