வேட்டை நாய்க்குப் பச்சைக் கறியா, கம்பங்கூழா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நாய் வளர்க்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் சின்னப்பிள்ளை இருந்து, பக்கத்து வீட்டில் வேட்டை நாய் இருந்தால் தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள்.

கடந்த ஒரு மாதத்தில் என்னிடம் படித்த மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் முதுகுளத்தூர் பக்கம் கன்னி நாய் வைத்திருக்கிறார். இன்னொருவர் துபாயில் இருக்கிறார், அவருடைய இரண்டு சிப்பிப்பாறைகளை ஊரில் தம்பி பார்த்துக்கொள்கிறார். மூன்றாமவர் இங்கே தங்கச்சிமடத்திலேயே இருக்கிறார், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். "சார், வேட்டை நாய்க்குக் காட்டுப்பன்றி, முயல் கறியெல்லாம் பச்சையாகப் போட்டால்தான் ஓட்டம் வரும் என்கிறார்களே, உண்மையா?" என்பது கேள்வி. கூடவே வெளிநாட்டு வீடியோ ஒன்று. பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் பச்சைக் கறியை வெட்டி வெட்டிப் போடுகிறார்.

என் பதில்: வேண்டாம். காட்டு விலங்கின் கறி எந்த வடிவத்திலும் வேண்டாம். கடையில் வாங்கும் கறியானால் வேகவைத்துப் போடுங்கள். காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வாத்தியார் வேலை இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் நாய்கள் எதைத் தின்று வளர்ந்தன என்று பார்ப்போம். என் தாயார் பிறந்தது கமுதிப் பக்கம் கரிசல் காட்டில். தாத்தா வீட்டில் எப்போதும் ஒரு கன்னி நாய் நிற்கும். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு மஞ்சள் பொட்டு, விலா எலும்பை எண்ணிவிடலாம். அதற்குக் காலையில் கம்பங்கூழ், மோர் ஊற்றிக் கரைத்தது. சாயங்காலம் கேப்பைக் களியோ சோளச்சோறோ, வீட்டில் எது மிஞ்சியதோ அது. என்றைக்காவது ஒரு முயல் கிடைத்தால் கறி மனிதர்களின் குழம்புக்குத்தான் போகும். நாய்க்குத் தலையும் எலும்பும். அந்தக் காலத்து வறுமையில் கறியைத் தூக்கி நாய்க்குப் போடும் வீடு எது? "எங்கள் முன்னோர் பச்சை வேட்டைக் கறி போட்டே வளர்த்தார்கள்" என்று இப்போது சொல்பவர்கள் தங்கள் பாட்டியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் கூழ் குடித்த நாய்தான் முயலுக்குப் பின்னால் உழவுக்காட்டில் பறந்தது. ஆட்டுக்கிடையில் இரவெல்லாம் காவல் கிடந்ததும் கூழும் கஞ்சியும் குடித்த நாய்தான்.

அது எப்படி முடிந்தது என்பதற்கு அறிவியலும் ஒரு பதில் வைத்திருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் உண்டு. நாய்களிடம் 4-லிருந்து 30 வரை இருந்தன. மனிதன் தானியம் விதைத்து, சமைத்து, மிச்சத்தை வாசலில் கொட்டியபோது கூடவே இருந்து மாறிய பிராணி நாய். "நாயும் ஓநாயும் ஒன்றுதான், ஓநாய் தின்பதையே கொடு" என்பவர்கள் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

ஓட்டத்துக்கு வருவோம். பனிவண்டி நாய் மணிக்கணக்காக, நாள்கணக்காக இழுக்கும் நாய். அதற்குக் கொழுப்பு ஏராளமாக வேண்டும். வடதுருவத்தில் கம்பு விளையாது, கிடைத்த சீலையும் சால்மன் மீனையும் கொடுத்தார்கள். நம் கன்னியும் சிப்பிப்பாறையும் அந்த ரகம் அல்ல. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மின்னல் மாதிரி ஓடும், அவ்வளவுதான். இதே உடலமைப்புள்ள பந்தய கிரேஹவுண்டு நாய்களை வைத்து அமெரிக்காவில் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். உணவில் புரதத்தைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைத்தபோது அவை சற்று மெதுவாகத்தான் ஓடின. முயல் கறியோ கொழுப்பே இல்லாத கறி. முயலை மட்டுமே தின்றால் வயிறு நிறைந்தும் உடம்பு வற்றும் என்பது வடதுருவப் பயணிகள் பட்டுத் தெரிந்துகொண்டது.

குட்டிக்கு வெறும் கறி போடுவது இன்னும் மோசம். சதைக்கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் அதில் பதினைந்தில், இருபதில் ஒரு பங்குதான். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். கறியாகவே போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். நீண்ட கால் உள்ள இனம், முன்னங்கால் வளைந்துவிடும். பிறகு "பரம்பரை சரியில்லை" என்று குட்டி விற்றவரிடம் சண்டைக்குப் போவார்கள்.

இவையெல்லாம் நாயின் பாடு. நான் உட்கார்ந்து எழுதுவது பிள்ளைகளின் பாட்டுக்காக.

எக்கினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு. பத்தாம் வகுப்பில் நாடாப்புழு படம் வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? அது மீட்டர் கணக்கில் நீளம். இது சில மில்லிமீட்டர்தான், அரிசி அளவுகூட வராது. ஆடு, மாடு, பன்றியின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக உட்கார்ந்திருக்கும். அந்த ஈரலை நாய் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் புழுவாகும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, வாலாட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கும். முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து அதன் முடியில் ஒட்டும். நாயைக் கட்டிப்பிடித்து விளையாடிய பிள்ளை கை கழுவாமல் சோறு தின்னும். அந்தப் பிள்ளையின் ஈரலில் இனி நீர்க்கட்டி வளரும். ஒரு மாதத்தில் தெரியாது, ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துத் தெரியும். அதற்குள் அந்த நாயே செத்துப் போயிருக்கும், யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். என் உறவிலேயே ஒரு பெண்ணுக்கு மதுரையில் அறுவை செய்து தேங்காய் அளவுக் கட்டியை எடுத்தார்கள். கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது அவருடைய கணவர் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஆடு அறுத்தால் குடலையும் ஈரல் துண்டுகளையும் நாய்க்கு எறிவது அவர்கள் வழக்கம்.

நியூசிலாந்து நாடே ஆட்டு மந்தையும் மந்தை நாயுமாக வாழும் நாடு. அங்கேயும் பண்ணையில் ஆடு அறுத்து உள்ளுறுப்புகளை வேலை நாய்களுக்குப் பச்சையாகப் போட்டார்கள், அங்கேயும் மனிதர்களுக்கு இந்தக் கட்டி வந்தது. 1959-ல் தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். நாய்களுக்குத் தவறாமல் பூச்சி மருந்து கொடுத்தார்கள், பச்சை உள்ளுறுப்பு போடுவதைத் தடுத்தார்கள். 2002-ல்தான் இந்நோய் தங்களிடம் இல்லை என்று அறிவிக்க முடிந்தது. நாற்பது வருடத்துக்கு மேல்! இன்றைக்கும் அங்கே நாய்க்கு ஆட்டுக்கறி போட வேண்டுமானால் மைனஸ் 10 டிகிரியில் குறைந்தது 10 நாள் உறைய வைக்க வேண்டும், அல்லது நன்றாக வேகவைக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். பச்சைக் கறி வீடியோவில் இதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை. நம் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு, ராமநாதபுரத்துக் கரண்டு போய்ப் போய் வருகிற லட்சணத்தில், பத்து நாள் அந்தக் குளிரில் நிற்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முயலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முயலின் வயிற்றுச் சவ்வில் பட்டாணி அளவு நீர்க்கொப்புளங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுதான், நாய்க்குள் போய் வளரும். ஆனால் அது மனிதனைத் தொடுவதில்லை. பெரிய பயம் காட்டுப்பன்றிதான். உத்தரகாண்டில் சரியாக வேகாத காட்டுப்பன்றிக் கறி தின்ற கிராமத்தார் டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழுவால் படுத்திருக்கிறார்கள். அந்தப் புழுவில் சில வகை உறைய வைத்தாலும் சாகாது. அதோடு, அந்தப் பன்றி எப்படிச் செத்தது என்று கொண்டுவந்து விற்பவன் சொல்வானா? குருணை மருந்து வைத்துக் கொன்றதா, அவுட்டுக்காய் கடித்து வாய் சிதறியதா, சுருக்குக் கம்பியில் இரண்டு நாள் கிடந்து அழுகியதா?

சட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்பதன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கொல்வது மட்டும் அல்ல, துரத்துவது, கண்ணி வைப்பது, கலைத்து விரட்டுவது எல்லாமே அதில் வரும். "சும்மா நாயை விட்டுப் பார்த்தோம் சார்" என்பது அங்கே செல்லாது. பிடிபட்ட விலங்கும் அதன் கறியும் அரசின் சொத்து. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் மாதிரி முதல் அட்டவணை உயிரானால் குறைந்ததே மூன்று ஆண்டு. துபாய்த் தம்பிக்கு இதைத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். வழக்கு ஊரில் இருக்கும் தம்பி மேல்தான் விழும். அவன் இப்போது போலீஸ் வேலைக்கு எழுதிக் காத்திருக்கிறான்.

பன்றி கடலையை அழிக்கிறது, கருவேலங்காட்டில் பதுங்கிக்கொண்டு ராத்திரியில் வயலைக் கிளறுகிறது என்று முதுகுளத்தூர் மாணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாததல்ல. அதற்கு மனு கொடுங்கள், இழப்பீடு கேளுங்கள், சேர்ந்து போய்க் கேளுங்கள், நானும் வருகிறேன். அதற்கும் நாயின் சாப்பாட்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

"ரத்தம் காட்டினால்தான் நாய்க்கு வெறி ஏறும்" என்று ஒரு பேச்சு. பச்சைக் கறிக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை. சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டி, ஓடவிடாமல், மனிதரோடு பழகவிடாமல் வளர்த்தால் வெறும் தயிர்சோறு தின்கிற நாயும் கடிக்கும்.

நம் தீவுக்காரர்களுக்கு ஒரு விஷயம். இங்கே காடு இல்லை, ஆனால் கடற்கரையில் நாய்கள் பச்சை மீன் தின்பதைத் தினமும் பார்க்கிறோம். வலையில் சிக்கும் பேத்தை மீனை மணலில் வீசாதீர்கள், அதன் நஞ்சு நாயைக் கொல்லும், வேகவைத்தாலும் போகாது. சூடை மீனைத் தொடர்ந்து பச்சையாகப் போட்டால் அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், நாய் தள்ளாடும். இது வேகவைத்தால் சரியாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் இல்லை என்று நாயைப் பட்டினி போடுபவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

அப்படியானால் என்னதான் போடுவது? 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் 1,000 கலோரி போதும். கால் கிலோ பிராய்லர் கறி தோலோடு, வேகவைத்து. அந்தத் தண்ணீரிலேயே குழைந்த சோறோ கேப்பைக் கஞ்சியோ 400 கிராம். வாரம் இரண்டு மூன்று முட்டை. குழம்பு ஊற்றாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்துக்கு ஆகாது. வேகவைத்த எலும்பு வேண்டாம், அது சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கால்சியத்துக்கு என்ன அளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், குட்டியானால் கட்டாயம் கேளுங்கள். ஓடவிடுவதற்கு முன்னால் வயிறு நிறையப் போடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி வருடம் ஒருமுறை. பூச்சி மருந்து வாங்கும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், எல்லா மாத்திரையும் அதற்கு வேலை செய்யாது. பிராசிகுவாண்டல் அதில் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தது. 2020-ல் பிரதமரே வானொலியில் நம் நாயினங்களின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து குட்டி விலை ஏறியதே தவிர வளர்க்கும் அறிவு ஏறவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம் ராமநாதபுரத்து மண்டை நாயை இன்று எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

முதுகுளத்தூர் மாணவர் நேற்று இரவு போன் செய்தார். பன்றிக் கறியை நிறுத்திவிட்டாராம். ஆனால் நாய் இரண்டு நாளாகக் கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறதாம். இரண்டு நாள் பார்க்கலாம், கறி வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கூட ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாளும் தின்னாவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நாய்களின் படத்தைக் கீழே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது. செத்த முயலைத் தூக்கிப் பிடித்த படம் மட்டும் வேண்டாம். ஜூலையில் வேர்க்காட்டுக் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள். நாயையும் கூட்டிவரலாம், கயிறு கட்டி.